அரையடி எங்கீங்க போச்சு?

பொம்மை வண்டி என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஸ்கேல் மாடல் என்று நான் சொன்னால் அவர்களுக்குப் புரியாது. ஆகவே டெட்ராய்ட் பக்கத்தில் பொங்கல் விழா, வளைகாப்பு என்று எங்கே போனாலும், "லீவு நாள்ல என்ன பண்ணுவீங்க?" என்ற கேள்விக்கு "சும்மா ஏதாவது படிப்பேன்" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். உள்ளதைச் சொன்னால் அடுத்த வளைகாப்புக்கு அழைப்பு வருமா என்பது சந்தேகம். உள்ளது இதுதான்: அசலில் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் வரும் பிளாஸ்டிக் பிக்கப் டிரக் கிட்டை முப்பது டாலர் சொச்சம் கொடுத்து வாங்குவேன். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்ததும், உள்ளே இருக்கும் புத்தம்புது வண்டியை ரம்பத்தால் குறுக்கே அறுப்பேன்.

அறுப்பதற்குக் காரணம் உண்டு. 1965 ஷெவ்ரலே சி-10 என்ற பிக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது இரண்டு நீளத்தில் வந்தது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம், அதாவது வீல்பேஸ், குட்டை வண்டிக்கு 115 அங்குலம், நெட்டைக்கு 127. சரக்கு ஏற்றும் தொட்டி குட்டைக்கு ஆறரை அடி, நெட்டைக்கு எட்டடி என்பது பேச்சு வழக்கு. டேப் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். நம் கணக்குக்கு இது போதும். வைக்கோல் கட்டும் தீவன மூட்டையும் ஏற்ற வேண்டியிருந்த குடியானவருக்கு உதவியது நெட்டை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் துடைத்து, பளபளப்பாக்கி, ரோட்டை உரசுகிற மாதிரி இறக்கி, பத்து மைல் வேகத்தில் ஊர்வலம் விடுபவர்களுக்குப் பிடித்தது குட்டை. கிட் கம்பெனிக்காரர் யார் பக்கம் நிற்பார்? கடையில் எனக்குக் கிடைத்த பெட்டியில் குட்டை வண்டி, அகலமான டயர், கண்ணைப் பறிக்கும் குரோம் சக்கரம், பந்தயத்துக்குப் போகிற தோரணை.

எனக்கு வேண்டியதோ, மிச்சிகன் கிராமச் சாலைகளில் தானியக் கிடங்குக்குப் பின்னால் துரு ஏறி நிற்கிறதே, அந்த வண்டி. ஆறு சிலிண்டர் எஞ்சின். குரோம் பூசாத, வெள்ளைப் பெயின்ட் அடித்த பம்பர். சக்கரத்தின் நடுவை மட்டும் மூடும் சின்ன ஹப்கேப். நாய்க்குச் சோறு வைக்கும் கிண்ணம் என்றே அதற்கு இங்கே பெயர். ரேடியோ கிடையாது. காசு கொடுத்து ரேடியோ வாங்காதவர்களுக்கு, டேஷ்போர்டில் ரேடியோ இருக்க வேண்டிய ஓட்டையை ஒரு தகடு போட்டு மூடிக் கொடுத்தார்கள். அந்தத் தகடு என் அளவில் ஒரு பச்சரிசி அளவு வரும். எந்தக் கிட்டிலும் அதைத் தருவதில்லை. கிட்டில் ரேடியோ இருக்கிறது. ரேடியோ இல்லாமையை நான்தான் செய்ய வேண்டும். இப்படி ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து, இல்லாத ஒரு பொருளை இடுக்கியால் பிடித்து ஒட்டுகிறவனை வீட்டில் எந்தக் கண்ணால் பார்ப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

பகட்டான வண்டி வேண்டுமென்றால் பெட்டியில் வந்ததை ஒட்டிவிட்டால் போதும். சாதாரண வண்டிக்குத்தான் செலவு. முப்பது டாலர் கிட்டில் பாதியைத் தூக்கிப்போட்டுவிட்டு, இன்னொரு கிட்டில் எஞ்சினை எடுத்து, மூன்றாவதில் சீட்டை எடுத்து, மீதியைக் கையால் செய்தால் ஓர் ஏழைக் குடியானவரின் டிரக் கிடைக்கும். அவர் அசல் வண்டியை மலிவு என்று வாங்கியவர்.

இந்தப் பைத்தியத்துக்கு நான் குடியிருக்கும் வட்டாரமும் ஒரு காரணம். ஏ.எம்.டி. கம்பெனி 1948-இல் தொடங்கியது இதே மிச்சிகனில்தான். புது மாடல் கார் வந்தால் ஷோரூம்காரர்கள் காட்டுவதற்கும் கொடுப்பதற்கும் குட்டிக் கார்கள் செய்தார்கள். முதலில் அலுமினியத்தில் செய்ததால் அலுமினியம் மாடல் டாய்ஸ் என்று பெயர். பின்பு பிளாஸ்டிக்குக்கு மாறியும் முதலெழுத்துகள் மட்டும் தங்கிவிட்டன. எம்.பி.சி. என்ற போட்டிக் கம்பெனி பக்கத்து மவுன்ட் கிளெமென்ஸில். ஜோ-ஹான் டெட்ராய்ட்டிலேயே. ஏ.எம்.டி. 1958-இல் ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டுவதற்குப் பாகங்கள் கொடுத்தது: ஷோரூமில் நிற்பதுபோல், அலங்கார வண்டியாக, பந்தய வண்டியாக. மூன்று வழியைத் திறந்துவிட்டால் நான்காவதைக் கேட்டு ஒருவன் வருவான் என்று அவர்கள் யோசிக்கவில்லை.

பிக்கப் டிரக்கில் ஒரு சௌகரியம். காரை நீட்டப் போனால் கூரை, கண்ணாடி, கதவு எல்லாவற்றிலும் கைவைக்க வேண்டும். பிக்கப்பில் கேபின் தனி, தொட்டி தனி, இரண்டையும் சுமக்கும் ஃபிரேம் தனி. தொட்டியைக் கழற்றினால் கேபினுக்கு ஒன்றும் ஆகாது. இதை அரசாங்கங்களே ஒப்புக்கொண்டிருக்கின்றன. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழி ஐரோப்பாவில் மலிவாக விற்க ஆரம்பித்தது. பிரான்ஸும் மேற்கு ஜெர்மனியும் அதன்மேல் வரி போட்டன. பதிலுக்கு அதிபர் ஜான்சன் 1963 டிசம்பரில் உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்டிரின், பிராந்தி, சிறிய டிரக் ஆகிய நான்கின்மேல் வரியை ஏற்றினார். டிரக்குக்கு 25 சதவீதம். கோழி போட்ட சண்டையில் டிரக்குக்கு அடி. ஆனால் தொட்டி இல்லாமல் வெறும் கேபினும் ஃபிரேமுமாக வந்தால் அப்போது 4 சதவீதம்தான். ஆகவே இசுஸூ ஜப்பானில் செய்து 1972 முதல் ஷெவ்ரலே லவ் என்ற பெயரில் விற்ற பிக்கப், தொட்டி இல்லாமல் கப்பலேறி, கரை இறங்கியபின் தொட்டி மாட்டிக்கொண்டது. இரண்டு வல்லரசுகள் சேர்ந்து துறைமுகத்தில் செய்த வேலையை நான் சாப்பாட்டு மேசையில் செய்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். என் மனைவியிடம் இதை விளக்கினேன். "அவங்க சாப்பிடற நேரத்துக்கு மேசையைக் காலி பண்ணியிருப்பாங்க" என்றாள்.

என் மாமனார் கோயம்புத்தூர்க்காரர். கணபதி பக்கத்தில் பம்பு செட் ஃபவுண்டரிகளுக்கு மரப் பேட்டர்ன் செய்து கொடுத்தே வாழ்க்கையை ஓட்டியவர். மண்ணில் அச்சு எடுத்து இரும்பை ஊற்றுவதற்கு முன்னால் அதே உருவத்தை மரத்தில் செய்கிறார்களே, அந்த வேலை. மகளைப் பார்க்க அமெரிக்கா வந்தவர், வந்த புதிதில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என் மேசையைச் சுற்றி நடப்பார். ஒன்றும் பேச மாட்டார். ஒருநாள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இது என்னுங் மாப்ள?"

"குட்டை டிரக்கை நெட்டை டிரக் ஆக்கறேன் மாமா."

"நெட்டையாவே வாங்கியிருக்கலாமுங்களே?"

"அது கடையில வர்றதில்லீங்க மாமா."

"அப்பக் குட்டையாவே இருந்துட்டுப் போவுதுங்."

பதில் சொல்ல முடியாத கேள்விகளை எல்லா மாமனார்களும் கேட்பார்கள். இவர் விசேஷம் என்னவென்றால் அதோடு விடவில்லை. எத்தனை நீட்டப் போகிறேன் என்று கேட்டார். வீல்பேஸ் 12 அங்குலம் கூட வேண்டும், 25-ஆல் வகுத்தால் 12.2 மில்லிமீட்டர் என்றேன். தொட்டி 18 அங்குலம், அது 18.3 மில்லிமீட்டர். அவர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் உதட்டை மட்டும் அசைத்தார்.

"பாடி ஒண்ணரை அடி நீளுதுங்க. வீல்பேஸ் ஒரு அடிதான் நீளுதுங்க. மீதி அரையடி எங்கீங்க போச்சு?"

பிக்கப் மாற்றும் தொழிலின் முழு ரகசியமும் அந்த அரையடியில் இருக்கிறது. சக்கரத்துக்கு முன்னால், கேபின் பக்கம் ஓர் அடி கூடுகிறது. மீதி அரையடி சக்கரத்துக்குப் பின்னால் போய்ச் சேர்கிறது. ஆகவே தொட்டியை ஓர் இடத்தில் அறுத்து 18.3 மில்லிமீட்டர் துண்டைச் செருகினால் வண்டி நெட்டையாகும், ஆனால் பின்சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. பார்க்கிறவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது. ஏதோ நோஞ்சானாக இருக்கிறதே என்று மட்டும் தோன்றும். சரியான வழி இரண்டு அறுப்பு: சக்கரத்துக்கு முன் 12.2, பின் 6.1. என் கிட் ஸ்டெப்சைட் வகை. அதாவது தொட்டி ஒடுங்கலாக இருக்கும், சக்கர மூடி வெளியே புடைத்து நிற்கும், கேபினுக்கும் மூடிக்கும் நடுவில் ஏறி நிற்க ஒரு படி. ஆகவே அந்தப் படியையும் புதிதாகச் செய்ய வேண்டும். இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் மாமா மளிகைக் கடைக் காகிதப் பையைக் கிழித்து, அதன் பின்பக்கம் மேலிருந்து, பக்கத்திலிருந்து, பின்னாலிருந்து என்று மூன்று பார்வையில் டிராயிங் போட்டுவிட்டார். டிராயிங் இல்லாமல் ரம்பத்தைத் தொடுகிறவர்களை அவர் பட்டறையில் நாற்காலியில் உட்கார விடமாட்டாராம். அன்றிலிருந்து என் வீட்டில் நான் உதவியாள்.

அவர் வந்த பிறகு என் பொழுதுபோக்கில் பொழுது போனதே தவிர, போக்கு அவர் கைக்குப் போய்விட்டது. முதல் சண்டை தடிமன் பற்றி. நாங்கள் பாகம் செய்யப் பயன்படுத்துவது ஸ்டைரீன் என்ற வெள்ளைப் பிளாஸ்டிக் ஷீட். எவர்கிரீன் என்ற கம்பெனியின் பாக்கெட்டுகள் கடையில் வரிசையாகத் தொங்கும், அதில் 0.25 மில்லிமீட்டர் ஷீட்டே மிக மெல்லிய ரகங்களில் ஒன்று. மாமா அதை 25-ஆல் பெருக்கினார். அசலில் 6 மில்லிமீட்டருக்கு மேல். கிட்டில் வந்த தொட்டியின் சுவர் ஒன்றரை மில்லிமீட்டர். பெருக்கினால் 37.5 மில்லிமீட்டர் இரும்பு.

"மாப்ள, இது தீவனம் ஏத்தற வண்டிங்களா, பேங்க் பணம் ஏத்தற வண்டிங்களா?"

ஒரு மில்லிமீட்டர் தகட்டை இந்த அளவில் சரியாகக் காட்ட வேண்டுமென்றால் 0.04 மில்லிமீட்டரில் செய்ய வேண்டும். நோட்டுப் புத்தகத் தாளே அதைவிடத் தடிமன். மூச்சுவிட்டால் பறந்துவிடும். அதனால் கண்ணுக்குத் தெரியும் மேல் விளிம்பை மட்டும் உள்பக்கமாகச் சீவி மெலிதாக்கிவிட்டு, உள்ளே தடிமனை அப்படியே விட்டுவிடுவது வழக்கம். மாமாவுக்கு அது மனசாட்சியை உறுத்தியது. ஃபவுண்டரியில் உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று செய்தால் பம்பு தண்ணீர் இறைக்காது என்றார். இந்த டிரக் தண்ணீர் இறைக்காது மாமா என்று நான் சொன்னது அவ்வளவாக எடுபடவில்லை.

மரத்தில் அவர் இன்னும் பலமாக அடிவாங்கினார். அந்தக் காலத்து ஷெவ்ரலேயின் தொட்டித் தரை மரப்பலகை. பலகைகளுக்கு நடுவே நீளவாக்கில் இரும்புப் பட்டைகள். மரம் என்ற சொல் காதில் விழுந்ததும் மாமாவின் முகம் மலர்ந்தது. தேக்குச் சிராய் கிடைக்குமா என்று கேட்டார். நான் தலையாட்டி மறுத்தேன். மரத்தைச் சின்னதாக வெட்டலாம். அதன் ரேகையைச் சின்னதாக்க முடியாது. ஓர் அசல் மரத் துண்டை 1/25 தொட்டியில் போட்டால், அதன் ரேகைகள் அந்த அளவில் வாய்க்கால் வாய்க்காலாகத் தெரியும். குட்டி வண்டியில் மரம் மரமாகத் தெரிய வேண்டுமென்றால் மரத்தை விட்டுவிட்டு வேறு எதையாவது வைக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் கோடு கீறி, மணல்நிறம் அடித்து, மேலே தவிட்டுநிற எண்ணெய்ச் சாயத்தைத் தடவித் துடைத்தால் போதும். ஆயுள் முழுக்க மரத்தைத் தொட்டு வாழ்ந்தவர் நான் அப்படிச் செய்த பலகையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தேக்கு மாதிரியேதானுங் இருக்குது" என்று சொல்லிவிட்டு, மனம் கேட்காமல் மோந்து பார்த்தார்.

இந்த வேலைக்கான சாமான்களில் பாதி ஹாபி கடையில் கிடைக்காது; மருந்துக் கடையின் அலங்காரப் பகுதியில் கிடைக்கும். நகம் தேய்க்கும் அட்டை, நகத்தின் சதையைத் தள்ளும் ஆரஞ்சுக் குச்சி, பெயின்ட் தட்டைக் கழுவ அசிட்டோன். எந்தப் பெண்மணியும் இந்த அட்டைகளை எங்களைப்போல் சொரசொரப்பு வாரியாகத் தடவிப் பார்த்து வாங்கியிருக்க மாட்டார். மஃப்ளர் கட்டிய மாமாவும் நானும் கூடை நிறைய எடுத்துக்கொண்டு போய் நின்றபோது, கல்லாவில் இருந்த பெண் எங்கள் நான்கு கைகளின் நகங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பில் போட்டாள்.

அறுத்த இடத்தை ஒட்டுவதற்கு எங்களிடம் இருப்பது பசை என்று சொல்ல முடியாது. தண்ணீர்போல் ஒரு கரைப்பான். இரண்டு பிளாஸ்டிக் விளிம்பையும் இளக்கி ஒன்றாக்கிவிட்டு ஆவியாகிப் போய்விடும். பாகங்களைத் தாங்கி வரும் சட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி அதே கரைப்பானில் ஊறப் போட்டால் கூழாகும். இடுக்குகளை அடைக்க அதைவிட நல்ல பூச்சு இல்லை. அதே சட்டத்தை மெழுகுவர்த்தி மேல் காட்டி இழுத்தால் மயிரிழையாக நீளும், ஆன்டெனாவுக்கு அதுதான். இழுத்துக் காட்டினேன். ரேடியோவே இல்லாத வண்டிக்கு ஆன்டெனா எதற்கு என்று மாமா அதைக் குப்பையில் போட்டார்.

ஹப்கேப்தான் உச்சகட்டம். நான்கு வேண்டும், நான்கும் ஒரே மாதிரி வேண்டும். ஒன்றைச் செய்து, அதைச் சுற்றி சிலிக்கோன் ரப்பரை ஊற்றி அச்சு எடுத்து, அச்சுக்குள் இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் சில நிமிடத்தில் இறுகி அடுத்த ஹப்கேப் வந்துவிடும். அச்சு கட்ட ஒரு பெட்டி வேண்டும். அதற்கு உலகெங்கும் இந்தக் கூட்டம் பயன்படுத்துவது லெகோ கட்டைகள். என் மகள் வாடகை பேசி, அதையும் முன்பணமாக வாங்கிக்கொண்டு கொடுத்தாள். அச்சு என்ற வார்த்தைக்குப் பிறகு மாமாவை யாராலும் பிடிக்க முடியவில்லை. இது அவர் பட்டா நிலம். எங்கே காற்று தங்கும், எங்கே துளை விட வேண்டும், இரண்டு பாதியும் எங்கே பிரிய வேண்டும் என்று அவர் சொன்னது எல்லாமே சரி. ஒன்றே ஒன்றில் இடித்தது. மண் அச்சிலிருந்து பேட்டர்னை உருவும்போது மண் உதிரக்கூடாது. அதற்காகப் பக்கச் சுவர்களைச் சற்றே சாய்த்துச் செய்வார்கள். டேப்பர் என்பது அவருக்கு வேதம். சிலிக்கோன் வளையும், பிதுக்கினால் வெளியே வரும், டேப்பர் வேண்டாம் என்று நான் சொன்னேன். காதில் வாங்காதவர்போல் ஹப்கேப்புக்கு டேப்பர் வைத்தார்.

அடுத்த முறை வந்தபோது பெட்டியில் ஆயுதங்களோடு வந்தார். விமானத்தில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ; அதில் வெர்னியர், கீறுகோல், உளிகள், பேட்டர்ன்காரர்களின் சுருக்க ஸ்கேல். வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு எட்டில் ஒரு அங்குலம் சுருங்கும். அதை ஈடுகட்ட, அந்த ஸ்கேலில் ஓர் அடி என்று போட்டிருப்பது உண்மையில் 12⅛ அங்குலம். மாங்காய் ஊறுகாய்க்கும் பருப்புப் பொடிக்கும் இடம் இல்லாமல் போனது பற்றி அத்தை இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார். பத்துப் பதினோரு மில்லிமீட்டர் ஹப்கேப்பில் அந்த ஸ்கேல் ஏற்படுத்தும் வித்தியாசம் 0.1 மில்லிமீட்டர். எங்கள் ரெசின் அந்த அளவுக்குச் சுருங்குவதுகூட இல்லை. "இருந்தாலும் பழக்கத்தை விடக்கூடாதுங்" என்றார் மாமா.

வண்டி முடிந்து, பள்ளிக்கூட அரங்கு ஒன்றில் நடந்த மாடல் கண்காட்சிக்குக் கொண்டுபோனோம். மேசை முழுக்க நெருப்பு வரைந்த கார்களும் திறந்துமூடும் கதவுகளும். நடுவில் எங்கள் பழுப்பேறிய வெள்ளை டிரக், ரேடியோ இல்லாமல். ஒரு கிழவர் நின்றார். குனிந்தார். சின்ன வயதில் இப்படி ஒன்றில் தீவனம் ஏற்றியதாகச் சொன்னார். ரேடியோ இடத்து மூடித் தகட்டைக்கூடப் பார்த்துச் சிரித்தார். பிறகு என்னிடம் நல்லெண்ணத்தோடு கேட்டார்: பெட்டியில் வந்தபடியே கட்டிவிட்டீர்களா? இந்த வேலை தெரிந்த ஒருவனிடம் இதைவிடக் கொடூரமாக எதையும் கேட்க முடியாது. மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன கேட்கிறார் என்றார். சொன்னேன். அவர் முகத்தில் நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்காத சந்தோஷம். "அப்ப ஜாயின்ட் தெரியலீங்களா!" என்று கிழவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கிழவரும் எதற்கு என்று தெரியாமலே குலுக்கினார்.

திரும்பி வரும்போது காரில் அடுத்தது என்ன என்ற பேச்சு வந்தது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1957-இல் டிராவலெட் என்று ஒரு பிக்கப் விட்டது. இரண்டு வரிசை ஆட்கள் உட்காரும் கேபினோடு வந்த முதல் அமெரிக்க பிக்கப் அதுதான். விசித்திரம் என்னவென்றால் அதற்கு மூன்றே கதவு. வலப்பக்கம் இரண்டு, ஓட்டுநர் பக்கம் ஒன்று. நான்காவது கதவு 1961-இல்தான் வந்தது. கேபினை நீட்ட வேண்டும், கூரையை நீட்ட வேண்டும், பின்சீட்டு செய்ய வேண்டும், கதவுகளைப் புதிதாக வார்க்க வேண்டும் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். பின்சீட்டில் அத்தை விசா எப்போது முடிகிறது என்று மகளிடம் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தார். மாமா விரல்விட்டு எண்ணி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மூணு கதவுன்னா ஒரு மோல்டு மிச்சமுங்களே மாப்ள!"